இரண்டு கோடை, ஒரு ஓலை

"வெயில் நாளாப் பாத்துக் கிளம்பறேங்கிற. கருவை யாருடா காய வைப்பா?"

1974 சித்திரையில் அப்பா கேட்ட கேள்வி இது. சுவாமிமலையில் ஸ்தபதி வீடுகளுக்கு வெயில் காலம்தான் வேலைக்காலம். மெழுகில் செய்த உருவத்தின் மேல் முதலில் காவிரி வண்டலை நைசாகப் பூசுவோம். அது உலர்ந்ததும் வயல் களிமண், அதற்கு மேல் மணல் கலந்த முரட்டு மண். இப்படி மூடிய மண்கூட்டுக்குக் கரு என்று பேர். கரு நிழலில்தான் காய வேண்டும். ஆனால் அந்த நிழலுக்கு வெளியே வெயில் கொளுத்த வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஒரு பூச்சு உலர்வதற்குள் சித்திரையில் முழுக் கருவும் தயாராகிவிடும். வார்ப்பு வேலைகள் ஒன்றுகூடி வருவது அப்போதுதான். மூன்று பிள்ளைகளும் வீட்டில் வேண்டும். அதில் மூன்றாவது பிள்ளை, இருபத்தாறு வயதில், மூன்று வருஷம் வாத்தியார் வேலை பார்த்த பிறகு, படிக்கப் போகிறேன் என்று டிரங்குப் பெட்டியோடு நிற்கிறான்.

டெல்டாவில் மற்றவர்களுக்குக் கோடை என்றால் கை ஓய்ந்த காலம். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினால் ஜூன் 12 வரை காவிரியில் மணல்தான் ஓடும். உளுந்தும் பயறும் எடுத்த வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கல்யாணம், காதுகுத்து, கூரை மாற்றுவது எல்லாவற்றையும் அந்த நாட்களுக்குத்தான் ஒதுக்கி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடமும் பூட்டியிருக்கும். எங்கள் ஆசிரியர்களில் பாதிப் பேர் சொந்த நிலத்துக்கு எரு அடித்துக்கொண்டிருப்பார்கள். ஊர் சும்மா இருக்கும்போது உலை மூட்டுகிற தெரு எங்களுடையது. அந்தத் தெருவிலிருந்து ஒருவன் கோடையில் வெளியேறுவதை அப்பாவால் புரிந்துகொள்ள முடியவில்லை.

எனக்கு மெழுகு கைக்கு வரவில்லை. விரல் பிடித்தால் கத்தரிக்காய்க் காம்பு மாதிரி வரும். கணக்கு வந்தது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்த கையோடு, பாபநாசம் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு வாத்தியார் நடுவருஷத்தில் ஓய்வு பெற, தலைமையாசிரியர் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். அந்தத் தற்காலிகம் மூன்று வருஷம் நீண்டது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி ஒவ்வொரு முறையும் என் பேருக்கு எதிரே 'பயிற்சி பெறாதவர்' என்று எழுதிவிட்டுப் போவார். படிப்பின் பேர் பி.எட். ஆன பிறகும் எங்கள் பக்கத்தில் பி.டி. வாத்தியார் என்றால்தான் மரியாதை. நான் வெறும் கணக்கு வாத்தியார். பி.எட். படிக்க ஒரு வருஷம் வேலையை விட வேண்டும். விட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான். தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள்.

தலைமையாசிரியரை நாங்கள் சார்வாள் என்போம். அவர்தான் ஒரு நாள் சுற்றறிக்கைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "மைசூர்ல ரெண்டு லீவுக்குத் தங்கிப் படிச்சாப் போறுமாம்டா. நடுவுல தபால்ல பாடம் வருமாம். வேலை போகாது. போறியா?"

அந்தப் படிப்பின் முழுப் பேர் சம்மர் ஸ்கூல் கம் கரஸ்பாண்டென்ஸ் கோர்ஸ். சுதந்திரத்துக்குப் பிறகு பள்ளிகள் பெருகிய வேகத்துக்குப் பயிற்சிக் கல்லூரிகள் பெருகவில்லை. என்னைப் போலப் பயிற்சி இல்லாமல் வகுப்பில் நின்றவர்கள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அத்தனை பேரையும் ஒரு வருஷம் வெளியே இழுத்தால் வகுப்பில் யார் நிற்பது? 1964-ல் அமைத்த கோத்தாரி கமிஷன் 1966-ல் அறிக்கை கொடுத்தது. இந்தத் தேக்கத்தைத் தீர்ப்பதும் அதன் கவலைகளில் ஒன்று. அதே 1966-ல் என்.சி.இ.ஆர்.டி.யின் நான்கு மண்டலக் கல்வியியல் கல்லூரிகளும், அதாவது அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர், இந்தப் படிப்பைத் தொடங்கிவிட்டன. முதல் கோடையில் இரண்டு மாதம் வளாகத்தில் தங்க வேண்டும். பிறகு பத்து மாதம் சொந்தப் பள்ளியில் வேலை பார்த்தபடியே தபாலில் பாடம். மறு கோடையில் மீண்டும் இரண்டு மாதம். பதினாலு மாதத்தில் பட்டம். தென்னாட்டுக்கு மைசூர். தமிழ்நாட்டில் அப்போது பயிற்சி பெறாத பட்டதாரி ஆசிரியர்கள் பல மாநிலங்களைவிடக் குறைவு. அதனால் எங்கள் பக்கத்தில் இதைக் கேள்விப்பட்டவர்களும் குறைவு.

சுவாமிமலை ஸ்டேஷனில் மீட்டர் கேஜ் பாசஞ்சர். திருச்சியில் மாறி ஈரோடு. ஈரோட்டிலிருந்து பஸ். சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியைத் தவிர எதையும் பார்க்காத எனக்குப் பாதி வளைவிலேயே அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம் வெளியே வந்துவிட்டது. மேலே ஏறிய பிறகு காற்று மாறியது. சாம்ராஜநகர், நஞ்சன்கூடு, மைசூர்.

கல்லூரி 1963-ல் தொடங்கியது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தோடு ஒட்டியிருக்கிறது. நடக்கிற தூரத்தில் குக்கரஹள்ளி ஏரி. விடுதியில் எனக்கு அறைத்தோழர் மண்டியாவைச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர். எதிர் அறையில் பாலக்காட்டுக்காரர் ஒருவர், கணக்கு, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் குழுவிலேயே வயதானவர் குண்டூர்ப் பக்கத்து வாத்தியார். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் மலையாளிகள் கொட்டைச் சோற்றைத் தேடுவார்கள். ஆந்திரர்கள் ஊறுகாய் பாட்டிலோடு வந்து உட்காருவார்கள். சாம்பாரில் ஏன் வெல்லம் என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது. ராகிக் களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று மண்டியாக்காரர் கற்றுக்கொடுத்தார். அங்கே நான் பெற்ற முதல் பயிற்சி அதுதான்.

வாத்தியார்களை மாணவர்களாக உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஊரில் பிரம்போடு திரிகிறவர்கள் கடைசி பெஞ்சைப் பிடிக்க ஓடுவார்கள். குண்டூர்ப் பெரியவர் மத்தியான வகுப்பில் தூங்குவார். வருகைப்பதிவில் தன் பேருக்குக் குரல் கொடுக்க ஆள் வைத்திருந்தார். ஒரு வாரத்தில் எங்களுக்கு எங்கள் மாணவர்கள் மேல் ஒரு தனி அனுதாபம் வந்துவிட்டது.

அப்போது பயிற்சிக் கல்லூரிகளில் நெட் ஃப்ளாண்டர்ஸ் என்ற அமெரிக்கரின் முறை புதிதாக அடிபட்டுக்கொண்டிருந்தது. வகுப்பின் மூலையில் ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்து, மூன்று வினாடிக்கு ஒரு முறை, அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்று ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். மொத்தம் பத்து எண்கள். 1 முதல் 7 வரை ஆசிரியரின் பேச்சு. அதில் 4 என்றால் கேள்வி கேட்கிறார், 5 என்றால் விரிவுரை. 8, 9 மாணவர் பேச்சு. 10 என்றால் மௌனம் அல்லது குழப்பம். இருபது நிமிஷப் பாடத்துக்கு நானூறு குறிகள். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு, அந்தப் பேச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பது ஃப்ளாண்டர்ஸ் கண்ட கணக்கு. கேட்டபோது நாங்கள் எல்லாரும் அவரவர் ஊரில் இருக்கும் வேறு வாத்தியார்களை நினைத்துச் சிரித்தோம்.

கல்லூரியோடு சேர்ந்த டெமான்ஸ்ட்ரேஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு விகிதம் நடத்தினேன். ஆங்கிலத்தில். முதல் நாள் இரவெல்லாம் லெசன் பிளான் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பாடம் நன்றாகத்தான் போனது என்று நினைத்து வெளியே வந்தேன். குறி எண்ணியவர் பாலக்காட்டுக்காரர். தாளை என் கையில் கொடுக்காமல், மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "பதினாலு கேள்வி கேட்டீர். அதில் பதினொன்றுக்கு நீரே பதில் சொன்னீர். பையன் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுகிறீர். உமக்கு என்ன அவசரம்? பஸ்ஸா போகிறது?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று வருஷமாக வாத்தியார். எஸ்.எஸ்.எல்.சி.யில் என் பாடத்தில் தேர்ச்சி குறைந்ததில்லை. அதிகாரிகள் என்னைப் 'பயிற்சி பெறாதவர்' என்று எழுதினார்களே தவிர, என் வகுப்பில் உட்கார்ந்து எண்ணியதில்லை. ஊரில் இதை ஒருவர் சொல்லியிருந்தால் மறுநாளிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தியிருப்பேன். இங்கே அது முடியாது. அன்று ராத்திரி அதே மனிதர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். காலையில் பல் விளக்கும்போது அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இரண்டு மாதம் தப்ப வழியில்லை. மூன்றாம் நாள் நானே போய், "அந்தத் தாளைக் கொடுங்கள் சார்" என்று கேட்டேன். தங்கிப் படிப்பது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூன்று நாளில் தெரிந்ததுதான்.

அதன் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் யார் அதிகம் பேசுகிறார்கள் என்று மூன்று வினாடிக்கு ஒரு குறி போட்டோம். குண்டூர்ப் பெரியவர் ஏகமனதாக வென்றார்.

நூலகம் பெரியது. அந்த மண்டலக் கல்லூரிகள் அமைந்தபோது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் கைகொடுத்தது என்பதால் அமெரிக்கப் புத்தகங்கள் தாராளம். அங்கேதான் எங்களுக்கு முன்னோர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். 1874-ல் நியூயார்க் மாநிலத்தில் சட்டாக்குவா ஏரிக்கரையில் ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்களுக்காகக் கூடாரம் அடித்துக் கோடைப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள். 1888-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தன் கல்லூரி அறைகளைக் கோடை விடுமுறையில், வெளியே வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. 1921-ல் பிரின்மார் என்ற பெண்கள் கல்லூரி தையல், நெசவு ஆலைகளில் வேலை பார்த்த பெண்களை எட்டு வாரம் தங்கவைத்துப் படிக்கவைக்கத் தொடங்கியது. எட்டு வாரம்! எங்கள் இரண்டு மாதம்தான். நம் நாட்டிலும் 1963-லிருந்தே அறிவியல், கணக்கு ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் கோடை இன்ஸ்டிட்யூட் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒன்றில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்து, அடுத்த வருஷம் முழுக்க அலைகளைத் தொட்டித் தண்ணீரில்தான் காட்டுவேன் என்று அடம்பிடித்தார். 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நடத்தியதோடு விடவில்லை. கோடையில் ஒரு வாரம் வந்து தங்கு என்றது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது டென்மார்க்கின் கதை. 1844-ல் ரோடிங் என்ற ஊரில் குடியானவர்களுக்கென்று தங்கிப் படிக்கும் பள்ளி தொடங்கியிருக்கிறார்கள். பாதிரியார் குருண்ட்விக்கின் யோசனை அது. பரீட்சை கிடையாது. அந்த வகைப் பள்ளிகள் பிறகு நாடெங்கும் பரவியபோது, ஆண்களுக்குக் குளிர்காலத்தில் ஐந்து மாதம், பெண்களுக்குக் கோடையில் மூன்று மாதம் என்று வழக்கமானது. குளிர்காலத்தில் அங்கே நிலம் உறைந்துவிடும், உழ முடியாது. இங்கே கோடையில் நிலம் வெடித்துவிடும். வயல் எப்போது ஆளை விடுகிறதோ அப்போது பள்ளி. இதை மண்டியாக்காரரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "நஞ்சன்கூட்டில் அது இருக்கிறதே. என் மாமா படித்தாரே" என்றார். மைசூர் மாநில வயதுவந்தோர் கல்விக் குழு டேனிஷ் பள்ளியைப் பார்த்து 1947-ல் நஞ்சன்கூட்டில் ஒரு வித்யாபீடம் தொடங்கியிருக்கிறது. நான் வாந்தி எடுத்த களைப்போடு பஸ்ஸில் கடந்து வந்த அதே ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கபிலா நதியில் குளித்து, ஸ்ரீகண்டேசுவரரைக் கும்பிட்டு, அவருடைய மாமா வீட்டில் சாப்பிட்டோம். மாமா அங்கே என்ன படித்தார் என்று கேட்டேன். "கூட்டத்தில் எழுந்து நின்று பேசப் படித்தேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அப்புறம் பேசுகிறவனை உட்காரச் சொல்லவும்" என்றார்.

இன்னொரு ஞாயிறு கிருஷ்ணராஜசாகர். இதைச் சொல்லாமல் போக முடியாது. அது 1974. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1924 பிப்ரவரியில் ஏற்பட்ட காவிரி ஒப்பந்தத்தில் ஐம்பது வருஷம் கழித்து மறுபடி பேசுவது என்று இருந்தது. அந்த ஐம்பது வருஷம் சில மாதம் முன்புதான் முடிந்திருந்தது. அணையின் மேல் நின்று தண்ணீரைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பின்னால் மணலாகக் கிடக்கிற ஆறு இங்கே நீலமாக நிற்கிறது. தொண்டையில் என்னவோ அடைத்தது. பக்கத்தில் மண்டியாக்காரர். அந்த அணையின் கால்வாயில்தான் அவர் வீட்டுக் கரும்பும் நெல்லும். அன்று ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை. கோபமாகத்தான் ஆரம்பித்தோம். உங்கள் குறுவை, எங்கள் கரும்பு, யார் முதலில் பயிர் செய்தது, யார் பிறகு பாசனத்தை விரித்தது. விளக்கை அணைக்கச் சொல்லி வார்டன் தட்டினார். இருட்டில் தொடர்ந்தோம். விடியும்போது அவர் கேட்டார்: "உங்கள் ஊரில் எப்போதுதான் நாற்று விடுவீர்கள்?" நான் ஜூன் 12 என்றேன். அவர் தன் பாடக்குறிப்பு நோட்டில் அந்தத் தேதியை எழுதிக்கொண்டார். ஏன் எழுதினார் என்று கேட்கவில்லை. இருபது வருஷம் கடிதம் போட்டுக்கொண்டோம். ஒவ்வொரு ஜூனிலும் அவர் கடிதத்தில் அணையின் மட்டம் இத்தனை அடி என்று ஒரு வரி இருக்கும்.

ஓலைக்கு வருகிறேன். விகிதத்தை எப்படி வேறு மாதிரி நடத்துவது என்று பாலக்காட்டுக்காரரோடு யோசித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பட்டறையில் ஒடியோலை வைத்து அளப்போம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். விக்கிரகம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்குத் தென்னோலையைக் கிழித்து, மடித்து மடித்து அங்க அளவுகளைக் குறிப்போம். அங்குலம் என்பது ஸ்கேலில் இருக்கிற அங்குலம் இல்லை. உயரத்தில் இத்தனையில் ஒரு பங்கு. சிவன், விஷ்ணு போன்ற பெரிய மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம் என்ற அளவுமுறை, 124 பங்கு. அம்மனுக்கு 120. விடுதிக்குப் பின்னால் இருந்த தென்னையில் ஓலை கிழித்துக் காட்டினேன். செய்தி கணக்குப் பேராசிரியருக்குப் போனது. அவர் கேட்டார்: "124 என்றால் இரண்டு முறை பாதியாக மடித்தால் 31. அது பகா எண். அதற்கு மேல் எப்படி மடிப்பீர்கள்?"

ஸ்தபதி வீட்டுப் பிள்ளை, கணக்குப் பட்டதாரி, எனக்குத் தெரியவில்லை. இன்லேண்ட் லெட்டர் வாங்கி அப்பாவுக்கு எழுதினேன். வாழ்க்கையில் அவரிடம் நான் கேட்ட முதல் கணக்கு. எட்டு நாளில் அண்ணன் கையெழுத்தில், அப்பா சொல்லச் சொல்ல எழுதிய பதில் வந்தது.

"ஓலையை ரெண்டா மடி. மடிப்பு விழுற இடம் தொடை தொடங்குற இடம். கீழ்ப்பாதியை மறுபடி மடி. மடிப்பு விழுறது முழங்காலுக்குக் கீழ் விளிம்பு. அதுக்குக் கீழே இருக்கறது கால் இருபத்தேழு, பாதம் நாலு. அந்த நாலைக் கண்ணால எடு. மிச்சத்தை மூணா மடி, ஒரு மடிப்பு ஒன்பது. அதுல பாதிக்கு நாலு அரை அங்குலம் குறைஞ்சு நின்னா நீ எடுத்தது சரி. இல்லாட்டி மறுபடி எடு. முப்பத்தொண்ணு வகுபடாதுங்கறதெல்லாம் உங்க வாத்தியாருக்குத்தான். கரு ஏழு காயுது. வெயில் நல்லா இருக்கு."

எங்கள் பட்டறைக் கணக்கில் உச்சி 4, முகம் 13½, கழுத்து 4, மார்பு வரை 13½, தொப்புள் வரை 13½, அதற்குக் கீழே 13½. தொடை 27, முழங்கால் 4, கால் 27, பாதம் 4. கூட்டிப் பாருங்கள், 124 வரும். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது: எட்டு முகமும் நாலு நாலுகளும். முகத்தின் அளவுதான் உடம்பெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது. சின்ன வயதிலிருந்து பார்த்த ஓலை. மைசூருக்குப் போய் ஒருவர் கேட்ட பிறகுதான் அதை மடித்துப் பார்த்தேன்.

ஜூன் கடைசியில் ஊர் திரும்பினேன். அந்தப் பத்து மாதமும் தபாலில் சைக்ளோஸ்டைல் பாடங்கள் வரும்; ஒப்படைப்புகளை எழுதி அனுப்பினால் சிவப்பு மையோடு திரும்பி வரும். தபால் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன், எழுதினேன், மதிப்பெண் வந்தது. சொல்ல வேண்டியது மாலை நேரங்களைத்தான். பள்ளி விட்டு வந்ததும் பட்டறைத் திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஓலை மடித்தேன். குங்கிலியமும் தேன்மெழுகும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிக்கொண்டே அவர் பதில் சொல்வார். சொல்வார் என்பதுகூடச் சரியில்லை. தப்பாக மடித்தால் வாங்கி, பிரித்து, திரும்பக் கொடுத்துவிடுவார். ஏன் தப்பு என்று சொல்ல மாட்டார். பாலக்காட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து குறி போட்டிருந்தால் முழுக்கப் பத்தாம் எண்ணாகவே விழுந்திருக்கும்.

இரண்டாவது கோடை, 1975. அதே டெமான்ஸ்ட்ரேஷன் பள்ளி. அதே எட்டாம் வகுப்பு, வேறு பிள்ளைகள். ஆளுக்கு ஓர் ஓலை கொடுத்து, அவரவர் உயரத்துக்கு இணைத்துக்கொள்ளச் சொல்லி, முகம் எத்தனை முறை போகிறது பாருங்கள் என்றேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நாக்கு நுனியில் பதில் துடிக்கும். ஏழு முறை என்றான் ஒருவன். இல்லை, ஏழரை என்றாள் ஒரு பெண். சண்டை வந்தது. விக்கிரகத்துக்கு வருவது போல நிஜ மனிதர்களுக்கு ஏன் ஒன்பதோ பத்தோ வரவில்லை என்று ஒரு பையன் கேட்டான்; சாமி நம்மைவிட உயரமாகத் தெரிய வேண்டாமா என்று அடுத்த பெஞ்சிலிருந்து பதில் வந்தது. பாலக்காட்டுக்காரர் தாளைக் கொடுத்தார். எட்டும் ஒன்பதும் பாதிக்கு மேல். ஒன்றும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் வேலை. இடையில் எம்.ஏ. சேர்ந்தேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியிருந்தது. கோடையில் தொடர்பு வகுப்புகளுக்குச் சிதம்பரம் போவோம். ரயிலடியிலிருந்து சன்னதித் தெரு வரை லாட்ஜ்களில் எங்கு பார்த்தாலும் வாத்தியார்களும் குமாஸ்தாக்களும். பத்து நாள்தான். ஆனாலும் தெற்கு வீதி டீக்கடையில் நடந்த விவாதங்கள் வகுப்பில் நடந்ததைவிட உசத்தி. பிறகு நானே கருத்தாளராகக் கோடைப் பயிற்சிகளுக்குப் போக ஆரம்பித்தேன். பத்து நாள் ஐந்தானது. ஐந்து மூன்றானது. தங்குவது போய், காலையில் வந்து மாலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவதானது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி நாற்காலி காலி. மூன்று மணிக்கு மேல் எல்லார் கண்ணும் பஸ் நேரத்தில். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து, "பதினொரு கேள்விக்கு நீரே பதில் சொன்னீர்" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் நாளைக்கு வர மாட்டார். நானும் சொல்லவில்லை. எல்லாரும் நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்லிப் படியை வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது பயிற்சி கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. என் மருமகள் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. அடுப்பங்கரை மேடையில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும், அவள் தாளித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் அவளிடம் மைசூர்க் கதையைக் கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டேன் போலிருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க ரெண்டு மாசம் போனீங்களே மாமா, அப்ப உங்க வீட்டுல யாரு சோறு வடிச்சா?"

அம்மாவும் அண்ணியும். எங்கள் குழுவில் பெண்கள் சிலர் இருந்தார்கள். கோழிக்கோட்டிலிருந்து வந்த ஓர் ஆசிரியை இரண்டு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வந்திருந்தார். விடுதிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுவதை ஒருமுறை பார்த்து, பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். இரண்டாம் கோடைக்கு அவர் வரவில்லை. நாங்கள் ராத்திரியெல்லாம் காவிரியைப் பற்றிப் பேசியதற்குப் பின்னால் எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் விடியற்காலையில் எழுந்தார்கள் என்று மருமகள் கேட்ட பிறகுதான் கணக்குப் போட்டேன். டென்மார்க்கிலும் பெண்களுக்கு மூன்று மாதம்தான் கொடுத்தார்கள். தங்கிப் படிப்பதற்கு ஈடு கிடையாது என்று நான் இன்னும் நம்புகிறேன். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

அப்பா இல்லை. பட்டறையைப் பெரிய அண்ணன் பிள்ளை நடத்துகிறான். அஞ்சாறு வருஷமாக மே மாதத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிறார்கள். சென்னையில் வங்கி வேலை, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். லீவு போட்டுவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் மாடி அறையில் தங்கி மெழுகு பிடிக்கக் கற்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர். கருவுக்கு மண் பூசத் தெம்பு இருக்கிறவர்களை அண்ணன் பிள்ளை வேலையில் இறக்கிவிடுவான். கூலி கொடுக்காமல் ஆள் கிடைத்தது என்று சிரிப்பான். மெழுகுப் பக்கம் எனக்கு வேலை இல்லை. ஓலை மடிப்பது மட்டும் என் பொறுப்பு.

போன சித்திரையில் வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பெங்களூரில் சிப் வடிவமைக்கிற வேலை. இரண்டு மடிப்பு மடித்தார். ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அப்புறம் நிமிர்ந்தார்.

"சார், முப்பத்தொன்றை எப்படி மடிப்பது? அது வகுபடாதே."

உள்ளே அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் பிள்ளை, "அது ஒண்ணும் இல்லீங்க..." என்று ஆரம்பித்தான். நான் கையைத் தூக்கினேன். தேய்ப்புச் சத்தம் மறுபடி கேட்டது. வந்தவர் என்னைப் பார்த்தார். நான் திண்ணை ஓரத்தில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த கருக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வினாடி ஆனது. இன்னொரு மூன்று வினாடி. அவர் ஓலையைப் பிரித்து, முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தார்.